பக்கத்து இருக்கைக்காரர்களை வரைந்த ஓவியர்

குதிரைகள் இழுத்துச் செல்லும் ஒரு பேருந்து. உள்ளே எதிரும் புதிருமாக இரண்டு நீளப் பலகைகள். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ஒரு பக்கத்தில் குடித்துவிட்டு வந்த ஓர் ஆள். மறுபக்கத்தில் பருத்த உடம்புடன் ஓர் இறைச்சிக் கடைக்காரர். இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் நசுங்கிக்கொண்டு வருகிறாள். அந்தப் பக்கமும் சாய முடியாது, இந்தப் பக்கமும் சாய முடியாது. இறங்கும் இடம் எப்போது வரும் என்பதுதான் அவளுடைய கவலை.

இது 1839ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிசில் வெளிவந்த ஒரு கேலிச்சித்திரம். பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. ஏன் தெரியுமா? அந்தப் பேருந்தில் அவர்களும் நேற்றுப் போயிருந்தார்கள். நாளையும் போகப் போகிறார்கள்!

படத்தை வரைந்தவர் ஒனோரே தோமியே. அரசர்களையும் தளபதிகளையும் வரைந்தால்தான் பெரிய ஓவியர் என்று மதிக்கப்பட்ட அந்தக் காலத்தில், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரை வரைந்து பேர் வாங்கியவர் அவர். ஆனால் அவரும் முதலில் ஓர் அரசரைத்தான் வரைந்தார். அதற்காகச் சிறைக்கும் போனார். அந்தக் கதையைப் பிறகு பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். பாரிசில் குதிரைப் பேருந்துகள் 1828இல் ஓடத் தொடங்கின. அதற்கு ஆம்னிபஸ் என்று பெயர். லத்தீன் மொழியில் எல்லோருக்கும் உரியது என்று பொருள். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் அல்லவா? அதனால் அந்தப் பெயர். அந்தச் சொல்லின் தலையை வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டதுதான் நாம் இன்று சொல்லும் பஸ். நம் ஊர் ஆம்னி பஸ்ஸுக்குத் தலையும் வாலும் இரண்டும் இருக்கின்றன!

தோமியே 1808ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் தேதி பிரான்சின் தெற்கே உள்ள மார்செய் துறைமுக நகரத்தில் பிறந்தார். அப்பா ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. ஆனால் அவர் மனமெல்லாம் கவிதையில் இருந்தது. பாரிசுக்குப் போனால் பெரிய கவிஞராகிவிடலாம் என்று நம்பி, கடையை விட்டுவிட்டு அவர் முதலில் கிளம்பிப் போனார். 1816இல் மனைவியும் பிள்ளைகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். அப்போது ஒனோரேவுக்கு 8 வயது.

பாரிஸ் அந்தக் கவிஞரைக் கண்டுகொள்ளவில்லை. வீட்டில் வறுமை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே சிறுவன் ஒனோரே வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. நீதிமன்றக் கட்டளைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அதிகாரி ஒருவரிடம் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். கையில் காகிதக் கட்டுடன் நகரம் முழுக்க நடந்தான். நீதிமன்ற வராந்தாவில் கறுப்பு அங்கியை வீசிக்கொண்டு போகும் வக்கீல்களைப் பார்த்தான். உள்ளே கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு வக்கீல்கள் வெளியே வந்ததும் தோளில் கை போட்டுக்கொண்டு போவதையும் பார்த்தான். கடன் கட்ட முடியாமல் வாசலில் நின்று அழுபவர்களையும் பார்த்தான்.

பிறகு ஒரு புத்தகக் கடையில் வேலை. அந்தக் கடை பாலே ரோயால் என்ற பெரிய கடைவீதி வளாகத்தில் இருந்தது. கடைக்குள்ளிருந்து பார்த்தால் நாள் முழுக்க மனித வெள்ளம். சீமான்கள், சிப்பாய்கள், வேலைக்காரிகள், வேடிக்கை பார்க்க வந்த கிராமத்துக்காரர்கள்! பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாடம் அந்தப் பையனுக்கு அங்கே கிடைத்தது.

மகனுக்கு வரைவதில்தான் ஆசை என்று தெரிந்ததும், அப்பா தமக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியரான அலெக்சாந்தர் லெனுவாரிடம் 1822 வாக்கில் கொண்டுபோய் விட்டார். அங்கே பழைய சிலைகளின் சுண்ணப் பிரதிகளைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். மூக்கு ஒரு நாள், காது ஒரு நாள். ஒனோரேவுக்கு அது பிடிக்கவில்லை. அசையாத மூக்கை எத்தனை நாள்தான் வரைவது? லூவர் அருங்காட்சியகத்தில் பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்ப்பதும், தெருவில் மனிதர்களைப் பார்ப்பதும்தான் அவனுக்குப் பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் அவன் கல்லச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டான். இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் தோமியேயின் கதை புரியும்.

கல்லச்சு முறையை 1796 வாக்கில் ஜெர்மனியில் செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்தார். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன்மேல் கொழுப்பு கலந்த பென்சிலால் படம் வரைய வேண்டும். பிறகு கல்லை நனைத்தால், கோடு இல்லாத இடங்களில் மட்டும் ஈரம் பிடிக்கும். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது அல்லவா? அதனால் கொழுப்புக் கோடுகள் ஈரத்தை ஏற்காது. இப்போது எண்ணெய் மை தடவிய உருளையை உருட்டினால், மை கோடுகளில் மட்டும் ஒட்டும். ஈரமான இடங்களில் ஒட்டாது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தி எடுத்தால் படம் தயார். ஒரே கல்லிலிருந்து நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். ஒரே ஒரு சங்கடம்: அச்சில் படம் இடவலமாகத் திரும்பிவிடும். கல்லில் வலக்கையால் சலாம் போடுகிறவர் தாளில் இடக்கையால் போடுவார்!

செதுக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். இன்று காலை நடந்ததை மாலைக்குள் கல்லில் வரைந்துவிடலாம். பத்திரிகைகளுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

1830ஆம் ஆண்டு ஜூலையில் பாரிஸ் மக்கள் புரட்சி செய்து பழைய அரசரை விரட்டினார்கள். லூயி பிலிப் என்பவர் புதிய அரசரானார். பத்திரிகைகளுக்கு முழுச் சுதந்திரம் என்று உறுதி கொடுக்கப்பட்டது. அதை நம்பி அந்த ஆண்டு நவம்பரில் ஷார்ல் ஃபிலிப்போன் என்பவர் 'லா காரிகாத்யூர்' என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். இந்த ஃபிலிப்போன் சரியான குறும்புக்காரர். அரசரை அவமதித்ததாக அவர்மேல் வழக்கு வந்தபோது, நீதிமன்றத்திலேயே நான்கு படம் போட்டுக் காட்டினார். முதல் படத்தில் அரசரின் முகம். அடுத்தடுத்த படங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நான்காவது படத்தில் ஒரு பேரிக்காய் ஆகிவிட்டது! அதற்குப் பிறகு பாரிஸ் சுவர்களில் சிறுவர்கள் பேரிக்காய் வரைந்தாலே அது அரசர் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

அந்தப் பத்திரிகையில்தான் இளைஞர் தோமியே வரையத் தொடங்கினார். 1831 டிசம்பரில் அவர் வரைந்த படம் நாட்டையே கலக்கியது. அரசர் ஒரு பெரிய அரக்கனாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வாய்க்குள் நீளமாக ஒரு பலகை போகிறது. ஏழைகள் கூடை கூடையாகக் காசைச் சுமந்துகொண்டு அதில் ஏறிப்போய் அவர் வாயில் கொட்டுகிறார்கள். நாற்காலிக்குக் கீழே பதவிகளும் பட்டங்களுமாக வந்து விழ, அவற்றைப் பொறுக்க ஒரு கூட்டம் நிற்கிறது.

அரசாங்கத்துக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. உடனே சிறையில் போடவில்லை; கொஞ்சம் விட்டுப்பிடித்தார்கள். பயந்து அடங்கிவிடுவார் என்று நினைத்திருக்கலாம். தோமியே மறுபடியும் அரசரைக் கேலி செய்து வரைந்தார். 1832 ஆகஸ்ட் கடைசியில் அவரைக் கைது செய்து சேன்த் பெலாழி என்ற சிறையில் அடைத்தார்கள். அப்போது அவருக்கு 24 வயது. அவருடைய வருமானத்தை நம்பித்தான் வீடு இருந்தது. சிறைக்குள்ளும் அவர் சும்மா இருக்கவில்லை. கூட இருந்த கைதிகளின் முகங்களை வரைந்துகொண்டிருந்தார். 1833 பிப்ரவரியில் வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் முன்னைவிட வேகமாக வரைந்தார். இங்கே அவருடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாடாளுமன்றத்துக்குப் போவார். உறுப்பினர்களை உற்றுப் பார்ப்பார். ஒருவர் தூங்குவார், ஒருவர் மூக்கை உறிஞ்சுவார், ஒருவர் பொய்யாகச் சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் களிமண்ணை எடுத்து, நினைவிலிருந்து அந்தத் தலைகளைச் சின்னச் சின்னப் பொம்மைகளாகப் பிடித்து, வண்ணமும் பூசிவிடுவார். பிறகு அந்தப் பொம்மைகளைப் பார்த்துக் கல்லில் வரைவார். அந்தப் பொம்மைகளில் 36 தப்பிப் பிழைத்திருக்கின்றன. பாரிசில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சுடாத களிமண் என்பதால் விரிசல் விட்டிருந்தாலும், அந்த மூக்குகளைப் பார்த்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

1834 ஏப்ரலில் சிரிக்க முடியாத ஒன்று நடந்தது. பாரிசில் கலகம். டிரான்ஸ்னோனான் தெருவில் ஒரு வீட்டிலிருந்து யாரோ சுட்டார்கள் என்று சொல்லி, படைவீரர்கள் அந்த வீட்டுக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள். தோமியே அதை வரைந்தார். அதில் கேலி இல்லை. அரசர் இல்லை, படைவீரர்களும் இல்லை. கலைந்த படுக்கை, விழுந்து கிடக்கும் நாற்காலி, இரவு உடையோடு தரையில் இறந்து கிடக்கும் ஒரு தொழிலாளி, அவர் உடம்புக்கு அடியில் ஒரு குழந்தை. அவ்வளவுதான். அந்தப் படத்தின் பிரதிகளைத் தேடித் தேடிப் பறித்து அழித்தது காவல்துறை.

மறு ஆண்டு அரசரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதைக் காரணமாக வைத்து 1835 செப்டம்பரில் ஒரு கடுமையான சட்டம் வந்தது. இனிமேல் எந்தக் கேலிச்சித்திரத்தையும் அதிகாரிகளிடம் காட்டி அனுமதி வாங்கிய பிறகுதான் அச்சிட வேண்டும். 'லா காரிகாத்யூர்' மூடப்பட்டது. அரசரை வரையக் கூடாது. அமைச்சரை வரையக் கூடாது. வேறு யாரைத்தான் வரைவது?

தோமியே தெருவைப் பார்த்தார்.

ஃபிலிப்போன் 1832 டிசம்பரிலேயே 'லெ ஷாரிவாரி' என்று ஒரு நாளிதழையும் தொடங்கியிருந்தார். தினமும் அதில் ஒரு புதுப் படம் வரும். தோமியே அதில் ஊர் மக்களை வரைய ஆரம்பித்தார். வாடகை கேட்கும் வீட்டுக்காரர், வாடகை கொடுக்க முடியாத குடித்தனக்காரர், நோயாளியைப் பயமுறுத்தும் டாக்டர், நாடகம் பார்த்து அழும் கூட்டம், மீனே சிக்காத தூண்டில்காரர், சிறுவயதில் பார்த்த அந்தக் கறுப்பு அங்கி வக்கீல்கள் என்று எல்லோரும் வந்தார்கள். படங்களுக்குக் கீழே வரும் வேடிக்கை வரிகளைப் பெரும்பாலும் பத்திரிகையில் இருந்த மற்றவர்கள் எழுதினார்கள். தோமியேவுக்கு அந்த வரிகள் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. வரி இல்லாமலே முகம் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் படங்களில் அந்த வரியைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாலும் விஷயம் புரிந்துவிடும்.

அவருக்கு மிகவும் கைகொடுத்தவை வண்டிகள்தாம். யோசித்துப் பாருங்கள். தெருவில் போகிற மனிதர் ஒரு நொடியில் கடந்து போய்விடுவார். வண்டியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் எங்கும் போக முடியாது. அரை மணி நேரம் அந்த முகம் உங்கள் எதிரிலேயே இருக்கும். அவர் தூங்கி வழிவார், கணக்குப் போடுவார், வீட்டுச் சண்டையை நினைத்து முணுமுணுப்பார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தம் சொந்த முகத்தோடு இருப்பார்.

ரயிலும் அப்போதுதான் வந்தது. பாரிசிலிருந்து புறப்படும் முதல் பயணிகள் ரயில் பாதை 1837இல் திறக்கப்பட்டது. 1843இல் ஓர்லெயான், ரூவான் நகரங்களுக்கும் பாதை திறந்தார்கள். அதே ஆண்டு தோமியே ரயில் படங்களை வரையத் தொடங்கிவிட்டார். அந்த ரயில்களில் மூன்று வகுப்புகள் உண்டு. முதல் வகுப்பில் மெத்தை இருக்கை, கண்ணாடி ஜன்னல். மூன்றாம் வகுப்பில் வெறும் பலகை. ஆரம்ப காலத்தில் பல மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரையே கிடையாது! மழை வந்தால் நனைய வேண்டும். பனி வந்தால் விறைக்க வேண்டும். எஞ்சின் கக்கும் கரியும் நெருப்புப் பொறியும் மேலே விழும். தோமியேயின் படங்களில், காற்றில் பறக்கும் தொப்பியைப் பிடித்துக்கொண்டும், கழுத்துவரை துணியைச் சுற்றிக்கொண்டும் அந்தப் பயணிகள் வருகிறார்கள். வண்டியைத் தவறவிட்டவர்கள், மூட்டை முடிச்சோடு ஓடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மலிவுக் கட்டண ரயிலில் உல்லாசப் பயணம் கிளம்பி, ஏற முடியாமல் மூச்சுத் திணறுகிறவர்கள் எல்லோரையும் அவர் விடவில்லை.

பாரிஸ் பேருந்துகளிலும் மேல்மாடி வந்தது. உள்ளே உட்கார 30 சாண்டீம், மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் உட்கார 15 சாண்டீம். ஒரு பேருந்தைப் பார்த்தாலே யாரிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் வரைந்தவர் கையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. எதிரில் ஆளை வைத்துக்கொண்டு வரைவது அவருக்குச் சரிப்படவே இல்லை. பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார், வீட்டுக்குப் போய் வரைவார். இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு படத்துக்காக அவருக்கு வாத்துகள் தேவைப்பட்டனவாம். நண்பர் ஒருவர் அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். தோமியே வாத்துகளைப் பார்த்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தார். நண்பர் தம்முடைய குறிப்பேட்டையும் பென்சிலையும் நீட்டினார். நேரில் பார்த்து வரைய எனக்கு வராதே என்று சொல்லி அவர் வாங்க மறுத்துவிட்டார். ஆனால் சில நாள் கழித்துப் பத்திரிகையில் வந்த வாத்துகள் அப்படியே ஆற்றங்கரை வாத்துகளாக இருந்தன!

1846இல் தோமியே தையல் வேலை செய்யும் அலெக்சாந்திரின் என்ற பெண்ணை மணந்துகொண்டார். சேன் நதியின் நடுவே உள்ள ஒரு தீவில், கரையோரத் தெருவில் குடியிருந்தார்கள். மேல்மாடி அறைதான் அவருடைய ஓவியக்கூடம். பத்திரிகை அலுவலகத்திலிருந்து கற்கள் வரும். ஒவ்வொன்றும் நல்ல கனம். வரைந்து முடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அச்செடுத்த பிறகு கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துவிட்டு மறுபடியும் அதிலேயே வரைவார்கள். இப்படி வாரத்துக்கு இரண்டு வீதம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்தார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மொத்தம் ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் படங்கள்!

ஆனால் அவருக்குள் இன்னோர் ஆசை இருந்தது. வண்ணத்தில், திரைச்சீலையில், யாரையும் கேலி செய்யாமல் மனிதர்களை வரைய வேண்டும். அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

1860இல் நேரம் கிடைத்தது. அவர் விரும்பிய விதத்தில் அல்ல. 'லெ ஷாரிவாரி' அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டது. அவர் படங்கள் வாசகர்களுக்கு அலுத்துவிட்டன என்று நினைத்தார்கள். அப்போது அவருக்கு 52 வயது. நிரந்தர வருமானம் நின்றுபோனது. சுமார் மூன்றரை ஆண்டுகள் மிகவும் கஷ்டப்பட்டார். வீட்டுச் சாமான்களை விற்க வேண்டிய நிலைமைகூட வந்தது. அவருடைய மிகச் சிறந்த வண்ண ஓவியங்கள் சில அந்த நாட்களில்தான் பிறந்தன.

வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் சேன் நதிக்கரை தெரியும். சலவைப் பெண்கள் ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கரைப் படிகளில் ஏறி வருவார்கள். அப்படி ஒரு பெண்ணை வரைந்தார். ஒரு கையில் மூட்டை, மறுகையில் ஒரு சின்னக் குழந்தை. படி உயரமாக இருப்பதால் குழந்தை காலை எக்கி எக்கி வைக்கிறது. அம்மா குனிந்து அதன் கையைப் பிடித்திருக்கிறாள்.

'மூன்றாம் வகுப்புப் பெட்டி' என்ற ஓவியமும் அந்தக் காலத்தில் உருவானதுதான். 1862க்கும் 1864க்கும் இடையில் அதை அவர் வரைந்திருக்கலாம் என்கிறார்கள்.

இப்போது பெட்டிக்குக் கூரை வந்துவிட்டது. ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. முன்பலகையில் ஓர் இளம் தாய், மடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் முக்காடு போட்ட ஒரு பாட்டி. மடியில் கூடை, கூடையின்மேல் இரண்டு கைகளும். அவர் பக்கத்தில் ஒரு சிறுவன் தூங்கிப்போய்விட்டான். பின்னால் வரிசை வரிசையாக மனிதர்கள். தொப்பிகள், முதுகுகள், பாதி முகங்கள். இத்தனை பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முன்பலகையில் யாரும் யாரிடமும் பேசவில்லை. பாட்டி நேராக நம் பக்கம் பார்க்கிறார். ஆனால் நம்மைப் பார்ப்பது போலத் தெரியவில்லை. எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறார். எதை என்று ஓவியர் சொல்லவில்லை.

பேருந்தில் நசுங்கிய பெண்ணைப் பார்த்துச் சிரித்தோமே, இந்தப் பாட்டியைப் பார்த்தால் சிரிப்பு வராது. இரண்டு படங்களுக்கும் நடுவே சுமார் 25 ஆண்டுகள். வண்டி மாறிவிட்டது. பார்க்கிற கண் அதே கண்தான், ஆனால் அது இப்போது வேறு எதையோ தேடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் வால்டர்ஸ் என்ற பணக்கார வணிகர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ரயிலின் மூன்று வகுப்புகளையும் மூன்று நீர்வண்ண ஓவியங்களாக வரைந்து கொடுக்கும்படி தோமியேயிடம் கேட்டு வாங்கினார். 1864இல் வரைந்த அந்த மூன்றும் பால்டிமோரில் வால்டர்ஸ் பெயரிலேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதல் வகுப்பில் நான்கு பேர் தாராளமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் குளிருக்கு ஒடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில்தான் கூட்டம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை: முதல் வகுப்புக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை!

1863 கடைசியில் 'லெ ஷாரிவாரி' மறுபடியும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. திரும்பவும் கல், பென்சில், கெடு நாள். வண்ண ஓவியங்கள் பல பாதியிலேயே நின்றன.

சில ஆண்டுகளில் தோமியே பாரிசை விட்டு வால்மொந்துவா என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். அவர் கண் பார்வை மங்கத் தொடங்கியது. பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! 1870இல் அரசாங்கம் அவருக்கு உயர்ந்த விருதான லெஜியன் ஆஃப் ஹானர் கொடுக்க முன்வந்தது. அதே ஆண்டு அதே விருதை மறுத்த கூர்பே என்ற ஓவியர், ஊரறியப் பத்திரிகையில் கடிதம் எழுதி மறுத்தார். தோமியே சத்தமில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1872க்குப் பிறகு அவரால் கல்லில் வரைய முடியவில்லை. வாடகை பாக்கியால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை வந்தபோது, நண்பரான ஓவியர் கோரோ அந்த வீட்டையே வாங்கி அவருக்குக் கொடுத்தார் என்று சொல்லப்பட்டு வருகிறது.

1878இல் நண்பர்கள் சேர்ந்து பாரிசில் அவருடைய ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். விழாக் குழுவின் கௌரவத் தலைவர் யார் தெரியுமா? எழுத்தாளர் விக்டர் ஹியூகோ! தோமியேயைக் கேலிச்சித்திரக்காரர் என்று மட்டுமே நினைத்திருந்த ஊர், அவர் இத்தனை வண்ண ஓவியங்கள் வரைந்திருக்கிறாரா என்று அப்போதுதான் தெரிந்துகொண்டது. ஆனால் கூட்டம் வரவில்லை. வாடகைக்கும் செலவுக்கும்கூட வசூல் போதவில்லை. ஓவியருக்கோ அந்த ஓவியங்களைச் சரியாகப் பார்க்கும் அளவுக்குக் கண் தெரியவில்லை.

மறு ஆண்டு, 1879 பிப்ரவரியில், வால்மொந்துவாவில் அவர் காலமானார். குடும்பத்திடம் பணம் இல்லாததால் எளிய முறையில் அரசாங்கச் செலவில் அடக்கம் நடந்தது. 1880இல் அவருடைய உடலைப் பாரிசின் பேர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, 1875இல் மறைந்த கோரோவின் அருகே வைத்தார்கள்.

அவர் படங்களைத் தேடிச் சேர்த்தவர்களில் ஓவியர் தெகா ஒருவர். அவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோமியே அச்சுப் படங்கள் இருந்தன. வின்சென்ட் வான்கோவும் தோமியேயின் பக்தர். 1890இல் தோமியேயின் ஒரு படத்தைப் பார்த்து அதைத் தம் வண்ணத்தில் திரும்ப வரைந்தார்.

'மூன்றாம் வகுப்புப் பெட்டி' இப்போது நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே போன்ற இன்னொன்று கனடாவின் ஒட்டாவா நகரத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் உள்ளதை அவர் முடிக்கவே இல்லை. வேறொரு தாளில் வரைந்ததைப் பெரிதாக்கிக் கொண்டுவருவதற்காகக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கிறார். வண்ணம் மெல்லியதாக இருப்பதால் அந்தக் கோடுகள் இன்றும் தெரிகின்றன. நம் வரைபட நோட்டில் இருப்பது போல ஒரு கட்டம், பாட்டியின் முகத்தின் குறுக்கே. கூடையின்மேல் ஒரு கட்டம். தூங்கும் பையனின் தலைமேல் இன்னொரு கட்டம்.